மாதச் சம்பளத்திலிருந்து சொந்த வேலைக்கு: டெல்டாவுக்குத் திரும்ப நினைப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நாற்பதை ஒட்டிய வயது. சென்னையிலோ பெங்களூரிலோ பன்னிரண்டு, பதினைந்து வருட வேலை. ஊரில் அப்பாவுக்கு முட்டிவலி, வயல் குத்தகையில் இருக்கிறது, இங்கே வாடகையும் பள்ளிக் கட்டணமும் சம்பளத்தில் பாதியைத் தின்றுவிடுகின்றன. தீபாவளிக்கு உழவன் எக்ஸ்பிரஸில் ஏறும்போதெல்லாம் "இதே வேலையை ஊரில் உட்கார்ந்து செய்தால் என்ன?" என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வியைப் பலமுறை கேட்டு, செய்துதான் பார்ப்போமே என்ற இடத்துக்கு வந்துவிட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் கும்பகோணத்திலிருந்து ஆலைக் கட்டடங்களுக்கான இரும்புக் கட்டுமான வரைபடங்கள் போட்டுக்கொடுக்கிறேன். இந்தப் பக்கம் இதேபோல் கணக்கு எழுதுகிறவர்கள், மென்பொருள் சோதிக்கிறவர்கள், மொழிபெயர்க்கிறவர்கள் சிலரைத் தெரியும். திறமை இல்லாமல் நகர வேலைக்கே திரும்பிப் போனவர்களை நான் பார்த்ததில்லை. திரும்பிப் போனவர்கள் எல்லாருமே பணம் வந்து சேரும் தேதியைத் தவறாகக் கணக்குப் போட்டவர்கள். அதனால் எதை எப்போது செய்வது என்ற வரிசைக்குத்தான் இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எதை விற்கிறீர்கள்?

"பதினைந்து வருட அனுபவம்" என்று ஒரு பொருள் சந்தையில் கிடையாது. கம்பெனிக்குள் உங்களுக்குப் பதவி இருந்தது. வெளியே வந்துவிட்டால் முடித்துக்கொடுக்கும் வேலைக்குத்தான் காசு. "சீனியர் அக்கவுண்ட்ஸ் மேனேஜர்" என்று சொன்னால் யாரும் கூப்பிட மாட்டார்கள். "ஐம்பது பேர் வேலை செய்யும் கம்பெனிக்கு மாதாமாதம் சம்பளக் கணக்கு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் கட்டி முடித்து ரசீதோடு தருவேன்" என்றால் யாருக்குத் தேவை என்பது உடனே தெரிந்துவிடும்.

ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள்: யாருக்கு, என்ன, எத்தனை நாளில். படித்து முடித்து நேற்று வந்த பையன் பாதி விலைக்குச் செய்துவிடக்கூடிய வேலையாக அது இருந்தால் மறுபடி எழுதுங்கள். நாற்பது வயதில் உங்களிடம் விற்க இருப்பது எங்கே தவறு நடக்கும் என்று முன்கூட்டியே தெரிகிற கண். என் தொழிலில் வரைபடம் போடத் தெரிந்தவர் ஏராளம். தளத்தில் போல்ட் மாட்ட ஸ்பானர் நுழைய இடமிருக்குமா என்று வரையும்போதே யோசிப்பவர் குறைவு, அவருக்குத்தான் கூடுதல் காசு கொடுக்கிறார்கள்.

சம்பளச் சீட்டு இருக்கும்போதே

இது வழிகாட்டியிலேயே முக்கியமான பகுதி. வங்கிக்கும் காப்பீட்டுக் கம்பெனிக்கும் சம்பளக்காரர் ஒரு ஜாதி, சொந்தமாகத் தொழில் செய்பவர் வேறு ஜாதி. இன்று மூன்று மாதச் சம்பளச் சீட்டைக் காட்டினால் நகரும் விஷயத்துக்கு, வேலையை விட்ட மறுநாளிலிருந்து இரண்டு மூன்று வருட வருமான வரி ரிட்டர்ன் கேட்பார்கள்.

முதலில் கடன். வீடு கட்டவோ, பழைய வீட்டின் மாடியை எடுத்துக் கட்டவோ திட்டம் இருந்தால் வங்கிக் கடனைச் சம்பளம் இருக்கும்போதே முடிவு செய்யுங்கள். வாங்கலாமா வேண்டாமா என்பது வேறு விஷயம். என்னைக் கேட்டால், தவணை கட்டிக்கொண்டே சொந்த வேலையில் இறங்காதீர்கள் என்பேன். ஆனால் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் இப்போது வாங்குங்கள். கிரெடிட் கார்டும் அப்படியே: மென்பொருள் சந்தாவுக்கு ஒன்று தேவைப்படும், இப்போதே எடுத்து வைத்துவிடுங்கள்.

அடுத்து மருத்துவக் காப்பீடு. கம்பெனியின் குழுக் காப்பீடு உங்கள் கடைசி நாளோடு முடிந்துவிடும். புதிதாகத் தனிப் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்தக்கொதிப்புக்கு அதிகபட்சம் மூன்று வருடம் வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம். அதனால் விலகுவதற்கு ஒரு வருடம் முன்பே குடும்பத்துக்குத் தனிப் பாலிசி ஒன்றை எடுத்து ஓட விடுவது நல்லது. அதற்கு நேரமில்லை என்றால், குழுக் காப்பீட்டிலிருந்து அதே காப்பீட்டுக் கம்பெனியின் தனிப் பாலிசிக்கு மாறும் வசதியை விலகும் முன்பே எழுத்தில் கேளுங்கள். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கும் ஆயுள் காப்பீட்டுக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி கிடையாது என்பது ஒரு சின்ன நிம்மதி. டேர்ம் இன்சூரன்ஸும் (நாம் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு) இதே மூச்சில் முடிந்துவிட வேண்டும். பி.எஃப்.போடு சேர்ந்து வரும் ஆயுள் காப்பீடு 7 லட்சம் வரை தரும், ஆனால் வேலையில் இருக்கும்வரைதான்.

மூன்றாவது, தேதிகள். கிராஜுவிட்டிக்கு, அதாவது பணிக்கொடைக்கு, நிரந்தர ஊழியர் என்றால் ஐந்து வருடத் தொடர் பணி வேண்டும். கணக்கு எளிது: கடைசி மாதச் சம்பளத்தில் இதற்குக் கணக்கில் வரும் தொகையை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, பணி வருடங்களால் பெருக்க வேண்டும். அந்தத் தொகை 40,000, பணி 12 வருடம் என்றால் சுமார் 2,76,900 ரூபாய். அதேபோல பி.எஃப்.பின் ஓய்வூதியத் திட்டத்தில் 10 வருடம் நிறைந்திருந்தால் 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு. நான்கரை வருடத்திலோ ஒன்பது வருடத்திலோ நிற்பவர் அவசரப்பட்டு விலகக் கூடாது. சில மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் போதும்.

விலகல் கடிதமும் காகிதங்களும்

வேலைக்குச் சேர்ந்தபோது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தைத் தேடி எடுத்துப் படியுங்கள். வேலையில் இருக்கும்போது வெளிவேலை செய்யக் கூடாது என்று இருந்தால் அதை மதியுங்கள். மாலை நேரத்தில் திருட்டுத்தனமாக ஒரு கிளையன்ட்டுக்குச் செய்துகொடுத்து மாட்டிக்கொண்டால் ரிலீவிங் லெட்டரே சிக்கலாகிவிடும். பணி விலகிய பிறகும் அதே துறையில் தொழில் செய்யக் கூடாது என்ற நிபந்தனை, இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 27-ஆம் பிரிவின்படி பொதுவாகச் செல்லாது. ஆனால் ரகசியம் காப்பதாகக் கொடுத்த உறுதி செல்லும். பழைய கம்பெனியின் கோப்புகள், விலைப்பட்டியல், வாடிக்கையாளர் பட்டியல் எதுவும் பென் டிரைவில் ஊருக்கு வரக் கூடாது.

கடைசி மாதத்தில் எப்போது கைக்கு வரும் என்று கேட்டு உறுதி செய்ய வேண்டியவை: ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்று, சம்பளத்தில் வரி பிடித்ததற்கான சான்று (படிவம் 16 என்று பழகிய பெயர்), கிராஜுவிட்டி, மீதி விடுப்புக்கான பணம். பி.எஃப். தளத்தில் ஆதார், பான், வங்கிக் கணக்கு மூன்றும் இணைந்திருக்கிறதா, கம்பெனி விலகல் தேதியைப் பதிந்துவிட்டதா என்று பாருங்கள். பெயரில் இனிஷியல் முன்னால் ஒரு இடத்தில், பின்னால் ஒரு இடத்தில் என்று இருந்தால் எச்.ஆர். தொலைபேசியை எடுக்கும் காலத்திலேயே திருத்திக்கொள்ளுங்கள்.

பி.எஃப். பணத்தை எடுக்காதீர்கள். எடுக்கும் விதிகள் அடிக்கடி மாறுகின்றன, அவற்றைத் துரத்தவே வேண்டாம். விட்டு வைத்தால் 58 வயது வரை வட்டி சேரும். வேலையை விட்ட பிறகு சேரும் வட்டிக்கு வரி உண்டு, அவ்வளவுதான். பி.எஃப். பணம் கைக்கு வந்ததும் இங்கே என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்: பக்கத்துக் கொல்லை விலைக்கு வருகிறது என்பார்கள், தங்கை மகள் சீர் என்பார்கள், பாதியில் நிற்கும் மாடிப்படி என்பார்கள்.

கையிருப்பு

சம்பளம் வராத வாழ்க்கை நம் ஊருக்குப் புதிதல்ல. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் குறுவை, இல்லாவிட்டால் சம்பா மட்டும் என்று தலைமுறை தலைமுறையாக ஓட்டிய ஊர் இது. உழவு, நடவு, களை, உரம் என்று பணம் போய்க்கொண்டே இருக்கும், தை அறுப்பு முடிந்து கண்டுமுதல் கொள்முதல் நிலையத்துக்குப் போன பிறகுதான் திரும்பி வரும். அந்த வீடுகளில் நெல்லை மூன்றாகப் பிரித்தார்கள்: விதைக்கு, சாப்பாட்டுக்கு, விற்பனைக்கு. விதைக்கோட்டையில் யாரும் கை வைக்க மாட்டார்கள். சொந்த வேலைக்கு இதைவிட நல்ல நிதித் திட்டத்தை எந்த ஆலோசகரும் எனக்குச் சொன்னதில்லை.

அதையே வங்கியில் செய்யுங்கள். கிளையன்ட் பணம் வந்து விழ ஒரு கணக்கு. அதிலிருந்து மாதம் முதல் தேதி வீட்டுக்கு ஒரே தொகை போகும் இரண்டாவது கணக்கு. நல்ல மாதமோ மோசமான மாதமோ தொகை மாறாது. மூன்றாவது, வரி, காப்பீட்டுத் தவணை, கணினி மாற்றும் செலவு இவற்றுக்கான கணக்கு. ஒவ்வொரு பணம் வரும்போதும் கால் பங்கை இதற்குத் தள்ளிவிட வேண்டும்.

எத்தனை மாதச் செலவு கையில் வேண்டும்? ஆறு மாதம் என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் ஒன்பது என்பேன். ஒரு சாதாரண முதல் ஆர்டர் எப்படி நகரும் என்று பாருங்கள். ஆகஸ்டில் பேச்சு, செப்டம்பர் நடுவில் வேலை உறுதி, அக்டோபர் கடைசியில் முடித்து இன்வாய்ஸ், அவர்கள் அக்கவுண்ட்ஸ் பிரிவில் அது கிடந்து டிசம்பர் நடுவில் பணம். ஆக முதல் ரூபாயைப் பார்க்கவே நாலரை மாதம். நடுவில் தீபாவளி வந்துவிடும். பொங்கல் எதிரே நிற்கும். வயல் இருந்தால் அந்த மாதங்களில்தான் அதுவும் பணம் கேட்கும். வயல் செலவை வீட்டுச் செலவோடு கலந்துவிடாமல் தனியாக எழுதி வையுங்கள்.

நகைக்கடனைப் பற்றி ஒரு வார்த்தை. கூட்டுறவு வங்கியில் நகையை வைத்து நடவு முடிப்பது இங்கே சகஜம், தவறும் இல்லை. நெல்லுக்கு அறுவடைத் தேதி உண்டு. வராத கிளையன்ட்டுக்குத் தேதி கிடையாது. வீட்டுச் செலவுக்காக நகை வங்கிக்குப் போகும் நாளை, வேலை தேட வேண்டிய நாளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை யாரிடமிருந்து?

உங்களைத் தெரிந்தவர்களிடமிருந்து. பழைய மேலாளர், வேறு கம்பெனிக்குப் போய்விட்ட சக ஊழியர், நீங்கள் முன்பு வேலை கொடுத்த சப்ளையர். விலகுவதற்கு மூன்று மாதம் முன்பு ஒரு முப்பது பேரின் பட்டியல் எழுதி, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். எல்லாருக்கும் ஒரே வாட்ஸ்அப் செய்தியைத் தள்ளிவிடாதீர்கள். பல சமயம் பழைய கம்பெனியே முதல் கிளையன்ட் ஆகும். உங்கள் இடத்துக்கு ஆள் எடுத்துப் பழக்கும்வரை மாதத்தில் சில நாள் உங்களை வைத்துக்கொள்வது அவர்களுக்கும் லாபம். அதனால்தான் சண்டை போட்டுக்கொண்டு வெளியேறக் கூடாது.

அப்வொர்க், ஃபைவர் போன்ற, இணையத்தில் வேலை பிடித்துத் தரும் தளங்கள் மோசமில்லை, ஆனால் நாற்பது வயதுக்காரருக்கு அவை முதல் வாசல் அல்ல. ஃபைவர் நீங்கள் சம்பாதிப்பதில் 20 சதவீதம் எடுத்துக்கொள்ளும். அதைவிடப் பெரிய சங்கடம், அங்கே உங்கள் அனுபவம் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. விமர்சன நட்சத்திரம் சேர்ப்பதற்காகக் கால் விலைக்கு ஒரு வருடம் உழைக்க வேண்டியிருக்கும். லிங்க்ட்இனில் உங்கள் பெயருக்குக் கீழே அந்த ஒற்றை வாக்கியத்தைப் போட்டுவிட்டு, மாதம் இரண்டு முறை தொழில் சார்ந்து உருப்படியாக ஏதாவது எழுதினால் அதுவே அதிகம் பலன் தரும்.

உள்ளூர் வேலை? தஞ்சாவூர், மன்னார்குடி, மயிலாடுதுறை பக்கம் அரிசி ஆலைகள், தனியார் பள்ளிகள், நகைக்கடைகள், மருத்துவமனைகள் எல்லாருக்கும் கணக்கு, இணையதளம், வடிவமைப்பு தேவைதான். ஆனால் "நம்ம பையன்தானே, பார்த்துச் செய்யுங்க தம்பி" என்று ஆரம்பிக்கும் பேச்சில் விலை ஏற்கெனவே பாதியாகிவிட்டது. முதல் வருடம் உள்ளூர் வேலை உங்கள் வருமானத்தில் கால் பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விதிவிலக்கு, வெளியூர்ச் சந்தைக்கு விற்கும் உள்ளூர்க்காரர்கள். நாச்சியார்கோவில் விளக்கு, சுவாமிமலை ஐம்பொன் சிலை, தஞ்சாவூர் ஓவியம் இவற்றை வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்களுக்கு ஆங்கிலக் கடிதமும் ஏற்றுமதிக் காகிதமும் தெரிந்த ஆள் தேவை, அதன் மதிப்பும் தெரியும்.

விலை

டெல்டாவுக்கு வருகிறவர்கள் அதிகம் சறுக்குமிடம் இது. வாடகை இல்லை, அரிசி வயலிலிருந்து வருகிறது, பால் பக்கத்து வீடு. "நமக்கென்ன செலவு" என்று விலையைக் குறைத்துவிடுகிறார்கள். உங்கள் செலவு குறைந்தது உங்கள் லாபம். அதைக் கிளையன்ட்டுக்குத் தூக்கிக் கொடுக்க எந்தக் காரணமும் இல்லை. சென்னையில் அதே வேலைக்கு என்ன விலையோ அதே விலை.

ஒரு மாதிரிக் கணக்கு. கையில் 60,000 சம்பளம் வாங்கியவர் என்று வையுங்கள். வருடத்துக்கு 7,20,000. கம்பெனி உங்கள் பெயரில் கட்டிய பி.எஃப். போன்றவற்றை இனி நீங்களே போட வேண்டும்: 60,000. காப்பீடு 35,000. கணினி, மென்பொருள், இணையம், இன்வெர்ட்டர் 80,000. பயணம், புதிதாகக் கற்பது 45,000. மொத்தம் 9,40,000.

இப்போது நாட்கள். 365-இல் சனி, ஞாயிறு 104 போகட்டும். பண்டிகை, காய்ச்சல், கல்யாணம், காது குத்து எல்லாவற்றுக்கும் 25. மிச்சம் 236. அதில் மூன்றில் ஒரு பங்கு வேலை தேடவும், கொட்டேஷன் போடவும், கணக்கு எழுதவும் போய்விடும், அதற்கு யாரும் காசு தர மாட்டார்கள். ஆக 157 நாள். நாளுக்கு ஆறு மணி நேரம் உருப்படியான வேலை என்றால் 942 மணி நேரம். 9,40,000-ஐ வகுத்தால் மணிக்கு ஏறக்குறைய 1,000 ரூபாய்.

சம்பளத்தில் இருந்தபோது மணிக்கு எவ்வளவு? 22 நாள், 8 மணி நேரம் என்று பார்த்தால் சுமார் 340. ஆக மூன்று மடங்கு கேட்டால்தான் பழைய நிலைமையிலேயே நிற்க முடியும். இந்த எண்ணைப் பார்த்ததும் தொண்டை அடைக்கும். "இவ்வளவு யார் தருவார்கள்" என்று தோன்றும். தருகிறார்கள், ஏனென்றால் ஆள் வைத்தால் அவர்களுக்கு ஆகும் செலவும் சம்பளத்தோடு நிற்பதில்லை.

இந்த மணிக்கணக்கை உங்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வெளியே முழு வேலைக்கு ஒரே விலை சொல்லுங்கள். மணிக்கு இவ்வளவு என்றால் வேகமாக முடிக்கும் அனுபவசாலிதான் நஷ்டப்படுவார். விலையைக் குறைக்கச் சொன்னால் வேலையின் அளவைக் குறையுங்கள்: "அந்தத் தொகைக்கு இரண்டு திருத்தம் வரைதான், மூன்றாவதுக்குத் தனி."

பதிவும் வரியும்

தனி ஆளாகத் தொடங்க கம்பெனி பதிவு தேவையில்லை. உங்கள் பான் எண்ணே போதும். நடப்புக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். உத்யம் என்னும் குறு, சிறு தொழில் பதிவை ஆதார், பான் வைத்து அரசின் தளத்தில் நீங்களே செய்யலாம். அது முழுக்க இலவசம். அதே பெயர்ச் சாயலில் தளம் நடத்திப் பணம் கேட்பவர்கள் இடைத்தரகர்கள். இந்தப் பதிவு எதற்கு என்று அடுத்த பகுதியில் வரும். முதல் வேலை தொடங்கும் முன்பே செய்துவிடுங்கள்.

ஜிஎஸ்டி, சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் கட்டாயம். வெளி மாநிலக் கிளையன்ட்டாக இருந்தாலும் சேவைக்கு இதே வரம்புதான். பெரிய கம்பெனிகள் ஜிஎஸ்டி எண் இருந்தால்தான் வேலை தருவோம் என்று சொன்னால் எடுத்துக்கொள்ளலாம். எடுத்துவிட்டால் வேலையே இல்லாத மாதத்துக்கும் ரிட்டர்ன் போட வேண்டும், மறந்தால் அபராதம். எனவே ஆசைக்கு எடுக்காதீர்கள். வெளிநாட்டுக் கிளையன்ட் இருந்து ஜிஎஸ்டி எண்ணும் இருந்தால், ஒவ்வொரு நிதியாண்டும் உறுதிக் கடிதம் தாக்கல் செய்து வரி வசூலிக்காமல் பில் போடலாம். வெளிநாட்டுப் பணம் வரும் ஒவ்வொரு முறையும் வங்கியின் வரவுச் சான்றை வாங்கிச் சேர்த்து வையுங்கள்.

வருமான வரியில் நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. பொறியியல், கணக்கியல், சட்டம், மருத்துவம், கட்டட வடிவமைப்பு, உள் அலங்காரம், தொழில்நுட்ப ஆலோசனை, தகவல் தொழில்நுட்பம் போன்ற குறிப்பிட்ட தொழில்களில் ஆண்டு வரவு 50 லட்சம் வரை இருந்தால், வரவில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும். ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் வரம்பு 75 லட்சம். விரிவான கணக்குப் புத்தகம், தணிக்கை எதுவும் வேண்டாம். பழைய சட்டத்தில் இது 44ஏடிஏ பிரிவு. 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்ததால் பிரிவு எண்கள் மாறிவிட்டன, ஏற்பாடு தொடர்கிறது. மேலே பார்த்த 9,40,000 ரூபாய்க்காரர் காட்ட வேண்டிய வருமானம் 4,70,000. புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி கட்ட வேண்டியதில்லை என்பதால் அவருக்கு வரி இல்லை. உங்கள் தொழில் அந்தப் பட்டியலில் வருமா என்பதை, குறிப்பாக எழுத்து, மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு செய்கிறவர்கள், ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. வரி இல்லை என்றாலும் கம்பெனிகள் பிடித்தம் செய்துகொண்டுதான் தருவார்கள். தொழில்முறைக் கட்டணம் ஆண்டுக்கு 50,000-ஐத் தாண்டினால் 10 சதவீதம், தொழில்நுட்பச் சேவை என்று வகைப்படுத்தினால் 2 சதவீதம். ஒரு லட்சம் பில்லுக்கு 90,000-தான் வரும், மீதி அடுத்த வருடம் ரிட்டர்ன் போட்ட பிறகு திரும்பி வரும். கையிருப்புக் கணக்கில் இதையும் சேருங்கள். இன்னொன்று, வருமானத்தை எவ்வளவு குறைத்துக் காட்டுகிறீர்களோ நாளை வங்கி அவ்வளவுதான் கடன் தரும். வரி வருமானால் இந்த முறையில் முன்வரியை (ஆண்டு முடியும் முன்பே கட்டும் வரி) மார்ச் 15-க்குள் ஒரே தவணையாகக் கட்டலாம். நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ அரையாண்டுத் தொழில்வரி உண்டு, வருடத்துக்கு 2,500-ஐத் தாண்டாது.

எழுத்தில் வாங்குவதும் வசூலிப்பதும்

பத்துப் பக்க ஒப்பந்தம் தேவையில்லை. என்ன வேலை, எந்தத் தேதி, எத்தனை திருத்தம், எவ்வளவு தொகை, எப்போது பணம் என்று ஐந்து வரி மின்னஞ்சல் எழுதி, "சரி" என்று பதில் வந்த பிறகு தொடங்குங்கள். தொலைபேசியில் பேசியதையும் அன்று மாலையே எழுதி அனுப்பிவிடுங்கள். புதியவர்களிடம் முன்பணம் 40 சதவீதம் கேளுங்கள். முன்பணம் கேட்டதும் காணாமல் போகிறவர், வேலை முடிந்ததும் காணாமல் போகக்கூடியவர்தான்.

உத்யம் பதிவின் பலன் இங்கே வருகிறது. குறு, சிறு தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, எழுத்தில் என்ன பேசியிருந்தாலும் வேலையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்து ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. அதோடு, இந்தக் கெடுவுக்குள் தராத தொகையை வாங்குபவர் அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது, பணம் தந்த ஆண்டில்தான் காட்டலாம் என்ற விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதனால் மார்ச் மாதத்தில் அவர்கள் ஆடிட்டரே பணத்தைக் கொடுக்கச் சொல்வார். உங்கள் இன்வாய்ஸின் அடியில் உத்யம் எண்ணைத் தவறாமல் அச்சிடுங்கள். கடைசி வழியாக, இதற்கான அரசின் இணையதளத்தில் புகார் பதியலாம். இந்தப் புகார்களை விசாரிக்கும் மன்றம் திருச்சியிலும் இருக்கிறது. ஆனால் புகார் கொடுத்த கிளையன்ட் மறுபடி வேலை தர மாட்டார் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

உறவினருக்கு வேலை செய்தால் இலவசம் அல்லது முழு விலை. நடுவில் ஒரு விலை சொன்னால் பணமும் வராது, கல்யாணப் பத்திரிகையும் வராது.

கரண்ட், நெட், அறை

மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒரு நாள் காலையிலிருந்து மாலை வரை மின்சாரம் நிற்கும். அது முன்கூட்டியே அறிவிப்பு வரும் நாள், அன்று வங்கி, ஆடிட்டர் வேலைகளை வைத்துக்கொள்ளலாம். சிக்கல் ஐப்பசி, கார்த்திகையில்தான். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் கரையேறிய பிறகு பட்டுக்கோட்டை, வேதாரண்யம், முத்துப்பேட்டை பக்கம் பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அதனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை முடிக்கும் தேதிகளைத் தாராளமாகச் சொல்லுங்கள். புயல் அறிவிப்பு வந்ததும் கிளையன்ட்டுக்கு எழுதிவிடுங்கள், வந்த பிறகு எழுதுவதற்கு சிக்னல் இருக்காது. ஒரு ஃபைபர் இணைப்பு, வேறு நிறுவனத்தின் மொபைல் இணைப்பு ஒன்று, நான்கைந்து மணி நேரம் தாங்கும் இன்வெர்ட்டர், கோப்புகளுக்கு ஊருக்கு வெளியே ஒரு நகல். மழையோடு போராட முடியாத அளவு பெரிய வேலை இருந்தால் திருச்சியில் இரண்டு வாரம் அறை எடுப்பது லாபம். தஞ்சாவூரிலேயே 2024-இல் டைடல் நியோ என்ற சிறிய தகவல் தொழில்நுட்பப் பூங்காவைத் திறந்தார்கள், சிறு கம்பெனியாக வளர்ந்தால் யோசிக்கலாம்.

வீட்டில் கதவு உள்ள அறை வேண்டும். திண்ணையிலும் கூடத்திலும் உட்கார்ந்து கணினியைத் திறந்தால் நீங்கள் சும்மா இருப்பதாகத்தான் அர்த்தம்.

"என்ன தம்பி, லீவா?"

"இல்ல மாமா, இங்கேருந்தே வேலை."

"அப்ப வேலை போயிடுச்சா?"

இதற்குக் கோபப்படாதீர்கள். "சொந்தமா பண்றேன் மாமா, சென்னைக் கம்பெனிக்குத்தான்" என்று சொன்னால் போதும், அதற்கு மேல் விளக்கம் எடுபடாது. வீட்டுக்குள் பேச வேண்டியதுதான் முக்கியம். அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதற்காகத்தான் ஊருக்கு வந்தீர்கள், அது சரி. ஆனால் கேஸ் சிலிண்டர், ரேஷன், பத்திரப்பதிவு சாட்சி, ஊரார் ஆதார் திருத்தம் எல்லாம் உங்கள் தலையில் வந்து விழும். காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை கதவு திறக்காது என்று முதல் வாரத்திலேயே வழக்கப்படுத்துங்கள். மதியத்துக்கு மேல் ஊருக்கு.

வேலைக்குப் போகும் கணவனோ மனைவியோ இருந்தால், அவர்கள் சம்பளம் குறைந்தது முதல் இரண்டு வருடமாவது நிற்காமல் இருப்பது எந்தக் கையிருப்பையும்விட மேல். இருவரும் ஒரே சமயத்தில் வேலையை விடாதீர்கள்.

ஒரு வருடம் கழித்து

விலகும் நாளிலேயே ஒரு தாளில் மூன்று எண்களை எழுதி வீட்டாரிடம் கொடுத்துவிடுங்கள்: கையிருப்பு எந்தத் தொகைக்குக் கீழே போனால் வேலை தேடத் தொடங்குவது, பன்னிரண்டாவது மாதத்தில் குறைந்தது எத்தனை கிளையன்ட் இருக்க வேண்டும், ஒரே கிளையன்ட்டிடமிருந்து வருவது மொத்தத்தில் எத்தனை சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மூன்றாவதைப் பலரும் பார்ப்பதில்லை. முக்கால்வாசி பணம் ஒரே இடத்திலிருந்து வந்தால் நீங்கள் இன்னும் வேலையில்தான் இருக்கிறீர்கள், விடுப்பும் பி.எஃப்.பும் இல்லாத வேலை. ஐம்பது சதவீதத்தை எல்லையாக வைக்கலாம்.

எண்கள் சரியாக வராவிட்டால் திரும்பிப் போவதில் அவமானம் ஒன்றுமில்லை. பி.எஃப்.பில் உங்களுக்கென்று தந்த யுஏஎன் எண் அதேதான், புதுக் கம்பெனியில் கொடுத்துப் பழைய கணக்கை மாற்றிக்கொள்ளலாம். ஜிஎஸ்டி எடுத்திருந்தால் ரத்து செய்து இறுதி ரிட்டர்ன் போட வேண்டும், சும்மா விட்டுவிட்டால் அபராதம் ஏறிக்கொண்டே போகும். தனி மருத்துவக் காப்பீட்டை மட்டும் புதுக் கம்பெனி காப்பீடு கொடுத்தாலும் நிறுத்தாதீர்கள், காத்திருப்புக் காலம் அதில் ஓடிக்கொண்டிருக்கிறது. இடைப்பட்ட வருடத்தை விண்ணப்பத்தில் இடைவெளியாக விடாமல், செய்து முடித்த வேலைகளின் பட்டியலோடு சொந்தத் தொழில் என்றே எழுதுங்கள். அதற்குச் சான்றாக வரி ரிட்டர்னும் இன்வாய்ஸ்களும் உங்களிடம் இருக்கும்.